நடுக்குளத்தில் வாப்பாவும் பூசணிக்காயும்

"சக்கரமே இல்லன்னா எலுமிச்சம்பழத்த எங்கனலே வைக்க?"

விஜயசங்கர் கையில் நாலு எலுமிச்சம்பழத்தோடு, குளக்கரையில் ஏற்றியிருந்த போட்டைச் சுற்றி மூன்றாவது ரவுண்டு வந்துகொண்டிருந்தான். கூட்டாளி ஆசிப் போட்டின் பின்பலகையில் மாட்டியிருந்த புது மோட்டாரின் திருகுகளை இன்னொரு தடவை முறுக்கிக்கொண்டிருந்தான்.

புதுசு என்றால் இவர்களுக்குத்தான் புதுசு. அது கொல்லத்தில் யாருக்கோ எட்டு வருஷம் மீன் பிடிக்க உழைத்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகி, புளியறை வழியாக லோடு ஆட்டோவில் தென்காசிக்கு வந்து சேர்ந்தது. படுக்கப்போட்டால் ஆயில் இறங்கிவிடும் என்று விற்றவர் சொல்லிவிட்டதால், விஜயசங்கர் வழி முழுக்க அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்தான். புளியறையில் பரோட்டா சாப்பிட இறங்கியபோதும் விடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதையும் உட்காரவைத்தான். சப்ளையர் அதற்கும் ஒரு இலையைப் போட்டுவிட்டுப் போனார்.

பழைய மோட்டாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பது தடவை கயிற்றை இழுத்தால் ஒரு தடவை இருமும், அதுவும் வேண்டாவெறுப்பாக. போன வாரம் வாப்பாவை ஏற்றிக் காட்டப்போய், கரையிலிருந்து பத்தடி தாண்டுவதற்குள் மூச்சை விட்டது. ஆசிப்பின் வாப்பா கிதிர் முகம்மது ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் சத்தம் போடவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விசிறிக்கொண்டார்.

அது ஆசிப் பெயருக்கு வந்த விசா. ஷார்ஜாவில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை. வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து ஃப்ளைட். ஆசிப்புக்கோ குற்றாலத்துக்கு சீசன் பார்க்க வருகிற கூட்டத்தை இந்தக் குளத்தில் போட்டில் ஏற்றிச் சுற்றிக்காட்ட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியாயிற்று. போட்டுக்கு மஞ்சள் பெயிண்ட்டும் அடித்தாயிற்று. ஆசிப் ஒரு வாரம் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்த பிறகு வாப்பா ஒரு பேச்சுக்கு இறங்கிவந்தார்.

"துடுப்பத் தொடாம என்னை அந்தக் கரைக்குக் கொண்டுபோயி, திரும்ப இங்கன கொண்டாந்து எறக்கணும். எறக்கிட்டேன்னா இந்த விசாவக் கிழிச்சிருதேன். இல்லன்னா மூச்சு காட்டாம பெட்டியக் கட்டு."

கிழித்தாலும் திரும்ப ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாமே என்று விஜயசங்கர் கேட்கப்போனான். ஆசிப் அவன் காலை மிதித்தான். வாப்பா கிழித்தால் கிழித்ததுதான். அந்த விஷயத்தில் அவர் சுத்தம்.

பந்தயத்துக்குக் குறித்த திங்கட்கிழமைதான் இது. பத்து மணிக்கு வாப்பா வருவார். அதற்குள் வண்டிக்குச் செய்கிற எல்லாவற்றையும் போட்டுக்கும் செய்துவிட வேண்டும் என்று விஜயசங்கரின் அம்மா உலகம்மாள் ஒரு பை நிறையச் சாமான் கொடுத்துவிட்டிருந்தாள். எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும், அதன் பிறகு பூசணிக்காயை உடைக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கு அடியில் வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். நாலும் ஈர மண்ணில் புதைந்து, நசுங்காமல், சிரித்த மாதிரி வெளியே வந்தன. விஜயசங்கர் அவற்றைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்தது பூசணிக்காய். துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் திணித்து, மூடி வைத்து அடைத்திருந்தது.

"வண்டி எங்கன கெளம்புதோ அங்கனதான் ஒடைக்கணும்னு எங்கம்மை சொன்னா" என்றான் விஜயசங்கர்.

"போட்டு தண்ணிலதானலே கெளம்புது?"

"அப்ப தண்ணிலதான் ஒடைக்கணும்."

ஆசிப் தடுப்பதற்குள் அவன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் குளத்தில் ஓங்கி எறிந்துவிட்டான். பூசணிக்காய் ஒரு முங்கு முங்கியது. பிறகு நீச்சல் கிளாஸுக்குப் போன பிள்ளை மாதிரி மேலே வந்து, தன்பாட்டுக்கு மிதந்துபோனது. போய் எடுத்து வா என்று ஆசிப் சொன்னான். போட் கம்பெனியின் பாதிப் பங்குதாரருக்கு நீச்சல் தெரியாது. அந்த நேரம் பார்த்து வாப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பூசணிக்காயை மறந்தார்கள்.

வாப்பா வெள்ளைச் சட்டை, கைலி, தொப்பி, கையில் குடையோடு வந்தார். அதற்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டதும், அவசரத்தில் கட்டிய பார்சல் மாதிரி ஆகிவிட்டார். நடுப்பலகையில் உட்கார்ந்து, துடுப்பு எங்கே கிடக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. ஆசிப்புக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. புகையால் என்று சொல்லிக்கொண்டான். மேற்கே மலையெல்லாம் மேகம். லேசாகச் சாரல். போட் ஒரு திணறல் இல்லாமல் எதிர்க்கரைக்குப் போய், முட்டாமல் திரும்பியது. வாப்பா பலகையை இறுகப் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். குடையை மடக்கினார். "சத்தம் கொறச்சல்தான்" என்றார்.

வாப்பாவிடமிருந்து இது வந்தால் அவார்டு வாங்கியதற்குச் சமம். ஆசிப்புக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

சதக் என்றது. அடுத்தது ஒரு டக். மோட்டார் இரைகிறது, போட் நகரவில்லை. பின்னால் தண்ணீர் சிவப்பாகப் பரவியது. ஒரு தெறிப்பு வாப்பாவின் சட்டைப்பையிலும் விழுந்தது.

வாப்பா எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எவன வெட்டுனலே?"

ஆசிப் மோட்டாரை அணைத்து, முன்னால் சாய்த்து, தண்ணீரைத் தள்ளுகிற விசிறியை மேலே தூக்கினான். பூசணிச் சதை, குங்குமம், இறக்கைகளுக்கு நடுவில் இறுக்கமாக ஒரு அஞ்சு ரூபாய்க் காசு. ஃபோன் அடித்தது. கரையிலிருந்து விஜயசங்கர்.

"லே, அந்தப் பூசணிக்காயப் பாத்தியா? இங்கன காணல."

"பாத்துட்டேன்" என்று சொல்லி ஆசிப் வைத்துவிட்டான்.

கொல்லத்துக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. விசிறியையும் அதைச் சுழற்றுகிற தண்டையும் சேர்த்துப் பிடிப்பது குறுக்கே போகிற ஒரு சின்னப் பின். விசிறி எதிலாவது மோதினால் இன்ஜினைக் காப்பாற்ற அது உடைந்துவிடும். உடைவதுதான் அதன் வேலை, அதைச் செய்துவிட்டது. இரண்டு உபரி வாங்கிக்கொள் என்றும் சொல்லியிருந்தார். பரோட்டா அவசரத்தில் ஆசிப் வாங்கவில்லை.

வாப்பா துடுப்பைப் பார்த்தார். ஆசிப்பைப் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போனது.

"வாப்பா, ஒரு நிமிஷம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"நீங்க உக்காந்திருக்க பலகைல ஆணி இருக்கு."

வாப்பா வாயைத் திறந்து, மூடி, முனகியபடி எழுந்து போட்டின் தரையில் குத்தவைத்தார். ஆசிப் குறட்டால் பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கினான். அடித்தது விஜயசங்கர் என்பதால் சிரமமே இல்லாமல் வந்தது. பின்னின் அளவுக்கு வளைத்து வளைத்து ஒடித்தான். இனிமேல்தான் கண்டம். விசிறியைக் கழற்ற, பின்பலகைக்கு வெளியே தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டு, நகத்தளவு சாமான்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஒன்று தவறினாலும் குளத்தோடு போயிற்று. 

அவன் கைக்குக் கீழே ஏதோ வெள்ளையாக வந்து நின்றது. வாப்பாவின் தொப்பி. ஒரு கையால் போட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதை மல்லாத்தி ஏந்தியிருந்தார்.

"விழுந்தா இதுல விழட்டும். நீ சோலியப் பாரு."

இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் தொப்பியில்தான். ஆணி உள்ளே போய் உட்கார்ந்தது. மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. மாட்டு வண்டி வேகத்தில், யாரும் யாரையும் பார்க்காமல், கரைக்கு வந்தார்கள்.

இறங்கியதும் விஜயசங்கர் முந்திக்கொண்டான். பூசணிக்காய் உடைந்தால்தான் திருஷ்டி போகும், உடைந்துவிட்டது, ஆகவே எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது என்று வாப்பாவுக்கே விளக்கினான்.

"துடுப்பத் தொடல வாப்பா" என்றான் ஆசிப்.

"நடுவுல நின்னுச்சுல்லா?"

"நிக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லலையே."

வாப்பா விசாவை எடுத்தார். குங்குமத் தண்ணீர் பட்டுப் பாதி சிவந்து, நைந்துபோயிருந்தது. கிழிக்கவில்லை. உள்ளேயும் வைக்கவில்லை. போட்டின் நடுப்பலகையில் விரித்தார். காற்றில் படபடத்தது. விஜயசங்கரின் பையைத் துழாவி, நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து நாலு மூலையில் வைத்தார்.

"காயட்டும். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து சொல்லுதேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பி, வளைவு வரைக்கும் போனவர், நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, அந்தப் பின்னு ஒரு டஜன் வாங்கிப் போடு" என்றார். போய்விட்டார்.

விஜயசங்கர் ஜெயித்தாயிற்று என்று கரையில் குதிக்கிறான். ஆசிப் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கிழியவில்லையே என்று. மகனை வியாழக்கிழமை ஃப்ளைட் ஏற்றப்போகிற மனுஷன் ஒரு டஜன் பின் எதற்கு வாங்கச் சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள், துடுப்பைத் தொடாமல் கொண்டுவந்து இறக்கியாயிற்றே, ஆசிப் ஜெயித்தானா இல்லையா?