வில்லை: பொருளும் பிறப்பும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது; முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொய் என்னுடையதல்ல. அகராதி அலுவலகத்தில் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுக்கும் துணையாசிரியை சொன்னது. அந்தப் பொய்க்கு வயது இருபத்தாறு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலமென்னும் பெருநதியில் சொற்கள்..." (அடித்துவிட்டேன். நதியில் இறங்கிய என் கதைகள் கரையேறியதில்லை.)

2

இக்கதையின் தெருக்களில் வில்லை என்றால், புதுசு புதுசாக உடுத்தி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு மினுக்கித் திரிகிறவன். "பெரிய வில்லை, வர்றான் பாரு!"

அகராதியில் அதற்குப் பொருள் எழுதியாயிற்று. பிறப்பு எழுத வேண்டும். தலைமைப் பதிப்பாசிரியர் நாற்பது நிமிடம் பேசினார்: வில்போல் தோள் வளைய நடந்த பண்டை வீரர்களிடமிருந்து வந்ததாம்.

"சான்று இருக்கா சார்?"

"அத அப்புறம் தேடிக்கலாம்மா. அடிக்குறிப்பு நீளமா இருந்தா எவன் கேக்கப் போறான்?"

துணையாசிரியை அதை அப்படியே குறித்துக்கொண்டாள். அந்தச் சொல் ஊருக்குள் போனது அவள் வாயிலிருந்துதான்.

3

அவள் அண்ணன் சலவைக்கடையில் இஸ்திரி போட்டவர். துணி மாறிப்போகாமலிருக்க, காலரில் எண் எழுதிய துணித்துண்டு ஒன்றைக் குத்துவார்கள். கடையில் அதற்கு வில்லை என்று பெயர். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் அவளும் கற்றுக்கொண்ட சொல். அதை மட்டும் கழற்றக் கூடாது. கழற்றினால் சட்டை அநாதை.

அவள் பட்டம் வாங்கிய நாளில் அண்ணன், எந்த வாடிக்கையாளருடையதோ ஒரு பளபளக்கும் நீலச் சட்டையில் வந்தார். வில்லையைக் கழற்றாமல் உள்ளே மடித்து விட்டிருந்தார். கைதட்டிய வேகத்தில் அது வெளியே எட்டிப் பார்த்தது.

"யாருடி அது? கழுத்துல நம்பரோட உன்னப் பாத்துக் கையாட்டுறாரு?" என்றாள் தோழி.

"யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு வில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் அவள்.

(இங்கே "அவள் நெஞ்சு நொறுங்கியது" என்று எழுதியிருந்தேன். நெஞ்சு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. நொறுங்க இத்தனை வருடம் பிடித்தது.)

ஒரு வாரத்தில் கல்லூரியே சொன்னது. அப்புறம் ஊர். மினுக்கிக்கொண்டு வந்தவனெல்லாம் வில்லையானான்.

4

அண்ணன் இப்போது படுத்த படுக்கை. இன்னும் சில வாரம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாயங்காலம் அவள் போனாள்.

"எந்த எழுத்துக்கு வந்திருக்கீங்க, பாப்பா?"

"வ-வுல இருக்கோம்ணே."

"அப்ப வில்லை வருமே! நம்ம கடை வார்த்தை. எப்படித்தான் ஊருக்குள்ள போச்சோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. உங்க ஆளுங்க கண்டுபிடிச்சாங்களா?"

"வில்லு மாதிரி நடந்த வீரனுங்ககிட்டேருந்து வந்துச்சுன்னு எங்க பெரியவர் சொல்றாரு."

அண்ணன் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்கியது. "வீரனா? நான் இஸ்திரிப் பெட்டியத்தான் பிடிச்சேன். சரி, நீ என்ன சொன்ன?"

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சொல்லிவிடுகிறாள், அவர் மன்னிக்கிறார். எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அவருக்கு அன்றைக்கே தெரியும். அது அவளுக்கு நான் காட்டும் சலுகை. மூன்றாவதில் அவர், அவள் வாய் திறப்பதற்குள்...

(வேண்டாம்.)

அவர் தலையணையில் முகத்தைத் திருப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவருக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும்.