அரை நாள் மெட்டி

கங்காதர பத்தரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், வேலையைச் சீக்கிரம் முடிப்பது. கம்பி இழுத்து, வளைத்து, முனைகள் ஒட்டப் பொடி வைத்து ஊதி, அரத்தால் ராவி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து ஒரு ஜோடி வெள்ளி மெட்டியைக் கையில் கொடுக்க அவருக்கு அரை மணி நேரம் போதும். அதற்குக் கிடைத்தது ஒன்றரை ரூபாய் கூலியும் வண்டி வண்டியாக ஏச்சும்.

ஏச்சை ஆரம்பித்து வைத்தவள் கள்ளிக்குப்பம் அங்கம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் சாமான் கம்பெனியில் வேலை. வெள்ளி கொடுப்பவர்கள் வேலை முடியும் வரை பத்தர் பட்டறை எதிரிலேயே குந்தியிருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கண்ணை எடுத்தால் பத்தர் செம்பைக் கலந்துவிடுவார் என்று ஊரே நம்பியது. பத்தரும் சும்மா இல்லை. வருகிற வெள்ளியை மூன்று தடவை நிறுத்து, நாலாவது தடவை தராசையே சந்தேகப்படுவார்.

"இன்னா பத்தரே, நான் எட்டு மணி நேரம் மிசினாண்ட நின்னா நாலு ரூபா தர்றான். நீ குந்துன எடத்துல அர மணி நேரம் ஊதிட்டு ஒன்ற ரூபா கேக்குற. இதுக்கு வழிப்பறி எவ்ளவோ தேவல."

பத்தர் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் இந்தக் கணக்கு புரிந்துவிட்டது. ஜனங்கள் காசு கொடுப்பது மெட்டிக்கு இல்லை, தாங்கள் குந்தியிருந்த நேரத்துக்கு. மறுநாளிலிருந்து ஒரு ஜோடிக்கு அரை நாள் எடுத்துக்கொண்டார். கம்பியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஊதுகுழலை வாயில் வைப்பார், எடுப்பார், பெருமூச்சு விடுவார். ராவ ஒன்றுமே இல்லாத இடத்தில் அரத்தை வைத்துப் பூனைக்குச் சொறிகிற மாதிரி சொறிவார். கூலியை இரண்டரை ரூபாய் ஆக்கினார். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. "பத்தர் கை நிதானமான கை" என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. இரண்டு வருஷமாகத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு நடமாடினார்.

"தூங்கிகினே வேல செய்ற மாதிரி கீது" என்பாள் அவர் சம்சாரம் சாமுண்டீஸ்வரி. பெண்களுக்கு வியாபாரம் தெரியாது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம். கல்யாணம் கிடையாது, மெட்டி கிடையாது, மூன்று வாரமாகக் கரி மிச்சம். அன்றைக்கு அங்கம்மா மட்டும் அக்கா மகளுக்காக வெள்ளி கொண்டுவந்து குந்தியிருந்தாள். அந்த நேரம் பூந்தமல்லியில் நகைக்கடை வைத்திருக்கும் பக்தவத்சலம் முதலியார் வந்தார்.

"ஆவணி முகூர்த்தத்துக்கு அறுவது ஜோடி வேணும் பத்தரே. வெள்ளி என்னுது. பதினஞ்சு நாள் டைம். உங்க வேலைய பாக்கணும், செய்ங்க."

அறுபது ஜோடி. ஆடி முடிகிற வரைக்கும் அடுப்பு எரியும். பத்தர் மனக்கணக்குப் போட்டார். கூடவே பழைய சந்தேகமும் எழுந்தது. வேகத்தைப் பார்த்துக் கூலியைக் குறைக்கத்தான் இந்த ஆள் குந்துகிறான். அங்கம்மா வேறு எதிரில். பத்தர் தன் வாழ்நாளிலேயே இல்லாத நிதானத்தோடு அவளுடைய மெட்டியை ஆரம்பித்தார். கம்பியை நாலு தடவை வெளிச்சத்தில் பார்த்தார். ஊதுகுழலைத் துடைத்தார். முதலியார் மூன்று டீ குடித்தார், கைக்கடிகாரத்தை ஏழு தடவை பார்த்தார்.

மத்தியானம் மெட்டி முடிந்தது. முதலியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேல சுத்தமா கீது. ஜோடிக்கு மூணு ரூபா குடுக்கலாம்னுதான் வந்தேன். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு ஜோடின்னா அறுவதுக்கு ஒரு மாசம் ஆவுமே. முகூர்த்தம் முடிஞ்சி பொண்ணு மசக்கையாயிடும்."

பத்தர் அங்கம்மாவைப் பார்த்தார். மூன்று ரூபாயை நினைத்தார். மானத்தை மூட்டை கட்டி ஓரமாக வைத்தார்.

"இல்ல முதலியாரே. நான் ஒரு ஜோடிய அர மணி நேரத்துல முடிப்பேன்."

அங்கம்மா நிமிர்ந்தாள். "அப்ப எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு அர நாளு?"

முதலியார் பையிலிருந்து கொஞ்சம் வெள்ளி எடுத்து வைத்தார். "செய்ங்க, பாப்போம்."

பத்தர் பாய்ந்தார். கம்பியை இழுத்தார். கை பாதியில் தானாகவே நின்று அதை வெளிச்சத்துக்குத் தூக்கியது. திட்டிக் கீழே இறக்கினார். வளைத்தார், வெட்டினார். ஊதுகுழலை வாயில் வைத்ததும் ஒரு பெருமூச்சு வந்து தொலைத்தது. இரண்டு வருஷம் நடித்த கைக்கு நடிப்புதான் தொழில் என்று ஆகிவிட்டிருந்தது. ஆத்திரத்தில் பலமாக ஊதினார். பொடியோடு சேர்ந்து வெள்ளியே உருகி, மெட்டி சுண்டைக்காய் மாதிரி உருண்டு கிடந்தது.

மூவரும் கொஞ்ச நேரம் அந்தச் சுண்டைக்காயைப் பார்த்தார்கள்.

"சென்னீர்குப்பத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு கீறாங்க, அங்க பாத்துக்கிறேன்" என்று முதலியார் எழுந்தார். உருண்டையை நிறுத்துப் பார்த்துத்தான் பையில் போட்டார். பத்தருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

அங்கம்மா தன் மெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டரை ரூபாயை எண்ணி வைத்தாள்.

"அர மணி நேரத்துல ஆவும்னு நீ சொன்னப்ப திக்குன்னு ஆயிடுச்சி பத்தரே. ரெண்டு வருஷமா நம்மள ஏமாத்திகினு கீறான் போலன்னு நெனச்சிட்டேன். நல்ல வேள, புளுகு. ஆர்டருக்கு ஆசப்பட்டு இப்படியா புளுகுவ."

"தப்புதான்மா" என்றார் பத்தர்.

அவள் போனதும் சாமுண்டீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "அவகிட்டயாவது உண்மைய சொல்லித் தொலச்சிருக்கலாமே."

"அதத்தான்டி சொன்னேன்."

பத்தர் இரண்டரை ரூபாயை எடுத்தார். எண்ணினார். ஒரு ரூபாய் நோட்டு ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.