பின்சீட்டுப் பேச்சு

என் கணவர் கார் விற்றவர். கடல் தாண்டி வந்த, விலை உயர்ந்த கார். முதல் வண்டி விற்ற கதையை நான் யாருக்குச் சொன்னாலும் நடுவில் புகுந்து திருத்துவார். இப்போது திருத்த ஆளில்லை; என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

கண்ணாடிச் சுவர் வைத்த கடை. வெயில் காலத்திலும் அவருக்குக் கோட்டு. நான் அங்கேயே வரவேற்பு மேசையில் இருந்தேன். வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், காரோடு படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். அந்த மாதம் ஒன்றாவது விற்காவிட்டால் கடையை மூடுவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. மூடினால் எங்கள் வீட்டில் இரண்டு சம்பளமும் நின்றுபோகும்.

"இந்த வண்டியோட பெருமையே அதோட அமைதிதான், இன்ஜின் ஓடுறதே கேக்காது" என்பது வெளிநாட்டு மேலாளர் கற்றுக்கொடுத்த பாடம். என் கணவர் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்.

மாதக் கடைசியில் சிமெண்ட் மொத்த வியாபாரி ஒருவர், மனைவியோடும் டிரைவரோடும் வந்தார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அந்த அம்மா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். டிரைவர் பக்கத்தில் என் கணவர். பின்னால் நாங்கள் மூவர்.

தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா ஆரம்பித்தார். "உங்க தங்கச்சி புருஷன் கல்லாவுல உக்காந்து குறட்டை விடுறாரு."

"மெதுவா பேசுடி."

"எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுறேன். நீங்க அவரை எழுப்பாம ஃபேனைத் திருப்பி வெச்சீங்களாமே?"

டிரைவரின் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தார், முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஏம்பா, நாங்க பேசுறது உனக்குக் கேக்குதா?" என்றார் வியாபாரி.

"இதுல எல்லாமே கேக்குதுங்க முதலாளி. பழைய வண்டியில பாதிதான் கேக்கும். மீதியை நானா சேத்துக்குவேன்."

"வண்டியைத் திருப்பு. குடும்ப விஷயம் பேச முடியாத வண்டி எனக்கு எதுக்கு?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று அந்த அம்மாவிடம், "உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?" என்றார்.

"லைசென்ஸ் இந்தக் கைப்பையிலதான் கிடக்கு. இவர் எங்க விட்டாரு?"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் முன்னாடி வந்துடுங்க. நாங்க இறங்கிடுறோம்."

கார் போய்விட்டது. நடைபாதையில் மூவரும் நின்றோம்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே சார்" என்றார் டிரைவர்.

என் கணவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கார் போன திசையையே பார்த்தார்.

கடைசியில் கார் வந்து நின்றது. அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வியாபாரி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பழைய வண்டியில இனி நீ மாப்பிள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டு வா" என்றார் டிரைவரிடம். "வர வழியிலயே தூங்கி முடிச்சிடட்டும்."

பிறகு என் கணவரைப் பார்த்தார். "வண்டிக்கு பில் எழுதுங்க தம்பி. இவ இன்னும் பாதிதான் சொல்லியிருக்கா. மீதியை வீட்டுக்குப் போகும்போது கேக்கணும்."