நீர்விமானத்தில் மூன்றாவது இடம்

விமானி எங்களிடம் கேட்டது எடையை மட்டும்தான். மூன்று பேரும் மூட்டைகளும் சேர்ந்து எவ்வளவு என்று உண்மையைச் சொன்னால்தான் தன் சின்ன விமானம் ஏரியிலிருந்து எழும்பும் என்று எழுதியிருந்தான். கிளெமென்ற் அண்ணா அதற்கும் பொய் சொன்னார். எண்பத்திரண்டு கிலோவாம். நான் அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினேன். அவர் கைகளை மேலே தூக்கிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார். தராசு மசியவில்லை.

"சப்பாத்து உடுப்பு எல்லாம் சேத்துத்தானே காட்டுது," என்றார், வெறுங்காலோடு நின்றுகொண்டு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், வீதியே போகாத ஒரு ஏரிக்கரைக்கு எல்க் வேட்டைக்குப் போக இருந்தோம். எல்க் என்பது குதிரையை விட உயரமான மான். ஒஸ்லோவிலிருந்து பெரிய விமானத்தில் வடக்கே போய், அங்கே தண்ணீரில் இறங்கும் விமானத்தில் ஏறவேண்டும். அது எங்களை இறக்கிவிட்டுத் திரும்பினால் ஏழு நாள் கழித்து அடுத்த கிழமைதான் வரும். கூடாரம், சாப்பாடு, துவக்கு, தோட்டா, கத்தி, இறைச்சி கட்டித் தொங்கவிடத் துணிப்பை, எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒன்றை மறந்தால் மறந்ததுதான்.

மூன்று இடம். அண்ணா, அண்ணாவோடு வேலை செய்யும் மார்க்கஸ், நான். மார்க்கஸ் பிறந்ததிலிருந்தே காட்டில் திரிந்த நோர்வேக்காரன். எங்கள் இரண்டு பேருக்கும் வேட்டை பழக்கியவனும் அவன்தான். ஒஸ்லோவுக்குப் பக்கத்துக் காடுகளில் அவனுடைய குழுவோடு எத்தனையோ இலையுதிர்காலம் போயிருக்கிறேன். அங்கே என்னை எப்போதும் சத்தம் போட்டு மிருகத்தைக் கிளப்புகிற பக்கம்தான் விடுவார்கள். "ரஞ்சிக்குத் தொண்டை இருக்கு" என்பார் அண்ணா. பஸ் ஓட்டுகிறவளுக்குத் தொண்டை இல்லாமல் இருக்குமா? எனக்கு ஒரு தடவையாவது துவக்கோடு காத்திருக்க வேண்டும், எல்க் என் முன்னால் வரவேண்டும். வேறு ஆசை இல்லை.

அந்த ஏரியைத் தேடிப் பிடித்ததும் நான்தான். வெளியூர்க்காரருக்கு அங்கே குலுக்கலில்தான் அனுமதி விழும். ஒவ்வொரு வசந்தத்திலும் விண்ணப்பித்து, ஒவ்வொரு வசந்தத்திலும் இல்லை என்று பதில் வாங்கி, கடைசியில் இந்த வருடம் விழுந்தது. பஸ்ஸைக் குரோருட் தரிப்பில் நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்த்தவள், ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல் "மாதாவே!" என்று கத்திவிட்டேன். பின்னால் இருந்த பயணிகள் ஏதோ விபத்து என்று எழும்பிவிட்டார்கள்.

விண்ணப்பத்தில் வேட்டைத் தலைவர் என்று ஒருவரின் பெயர் போடவேண்டும். நான் அண்ணாவின் பெயரைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. கலியாணக் கார்ட்டிலும் சரி, செத்தவீட்டு அறிவித்தலிலும் சரி, எங்கள் வீட்டில் மூத்தவரின் பெயர்தான் முன்னால் நிற்கும். அப்பா இல்லாத வீட்டிலிருந்து என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்து, படிக்க வைத்து, றொனால்டுக்குக் கட்டிக்கொடுத்தவர் அண்ணா. அவருடைய பெயருக்குக் கீழே என் பெயரை எழுதுவது எனக்குக் கோயிலில் தலை குனிவது போலத்தான். யோசிக்கவே இல்லை.

கோடை முழுக்க ஆயத்தம். எல்க் இறைச்சி வாங்கி, எங்கள் தூள் போட்டுக் கறி வைத்து, பழம் காயவைக்கும் இயந்திரத்தில் காயவைத்தேன். கொதிதண்ணீர் விட்டால் திரும்பவும் கறி. எல்க் வேட்டைக்கு எல்க் கறியையே கட்டிக்கொண்டு போகிற முதல் ஆள் நீதான் என்று றொனால்ட் பகிடி பண்ணினார். மீன் வெட்டவே கண்ணை மூடுகிற மனுசன் அவர். இடியப்பத்தையும் காயவைத்து நொறுக்கி, ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு பொட்டலம் என்று காற்றை உறிஞ்சிக் கட்டினேன்.

அண்ணா அடிக்கடி தொலைபேசியில் கேட்பார். "பாரம் எவ்வளவு? இன்னும் குறைக்கேலாதோ?"

"கணக்குச் சரியாத்தானே இருக்கு, அண்ணா."

"இல்லை, கொஞ்சம் கையிலை இருக்கட்டும். உன்ரை பையிலை குறை."

குறைத்தேன். மாற்றுக் காற்சட்டையை எடுத்தேன். தலையணையை எடுத்தேன். பல்துலக்கியின் பிடியைக்கூட வெட்டினேன். அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஓகஸ்டில் அவருடைய துவக்கு திருத்தக் கொடுத்திருக்கிறது என்று என்னுடையதை இரவல் கேட்டார். இங்கே ஒவ்வொரு வருடமும் வேட்டைக்கு முன் சுடுதளத்தில் பரீட்சை கொடுக்கவேண்டும். மான் உருவம் வரைந்த பலகையில் ஐந்து வெடி, ஐந்தும் வட்டத்துக்குள் விழவேண்டும். எந்தத் துவக்கோடு காட்டுக்குப் போகிறோமோ அதே துவக்கால்தான் சுட்டுக் காட்டவேண்டும். சும்மா கை பழகத்தான் என்றார். கொடுத்தேன். திரும்பி வந்தபோது செப்டெம்பர் ஆகிவிட்டது. அதனால் என் பரீட்சை பிந்திப்போனது.

சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனேன். பரீட்சை எடுக்கிற கிழவர் என் துவக்கைக் கையில் வாங்கியதும் அதன் வாரைப் பார்த்தார். வாரில் மடு மாதாவின் சின்னப் பதக்கம் ஒன்று தைத்திருக்கிறேன்.

"இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியுமே," என்று பதக்கத்தைத் தொட்டுச் சிரித்தார். "போன மாதமும் வந்தாரே."

"என் அண்ணா கொண்டு வந்திருப்பார்," என்றேன்.

"ஓ, அவர் உன் அண்ணாவா? நன்றாகச் சுட்டார். ஐந்தும் உள்ளே. அவ்வளவு பெரிய உடம்போடு குப்புறப் படுத்து எழும்பத்தான் கஷ்டப்பட்டார். கூட வந்த மெல்லியவர்தான் தூக்கிவிட்டார். சிறு விமானத்தில் பின்மார்க் போகிறாராம், எலியாஸ்."

சுட்டவர் அண்ணா இல்லை; எலியாசுக்குப் பக்கத்தில் மெல்லியவராகத் தெரிந்து, அவரைத் தூக்கிவிட்டவர்தான் எங்கள் அண்ணா. எலியாஸ் என்றால் அண்ணாவின் வருங்காலச் சம்பந்தி. அண்ணாவின் மகள் யூலியாவுக்கும் எலியாசின் மகன் கவிசனுக்கும் வைகாசியில் நிச்சயம் செய்திருந்தது. எலியாஸ் நூற்றுப் பத்துக் கிலோவுக்குக் குறையமாட்டார். என் இடத்தில் அவரை ஏற்றத்தான் என் தலையணையும் காற்சட்டையும் போயின என்று அங்கேயே விளங்கியது. குப்புறப் படுத்தேன். ஐந்தையும் வட்டத்துக்குள் போட்டேன்.

அங்கிருந்து நேரே மோர்டென்ஸ்ருட்டில் அண்ணாவின் வீட்டுக்குக் காரை விட்டேன். துவக்கைக் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். ஆகவே பெட்டியோடு உள்ளே போய், அவர்களுடைய வெள்ளைச் சோபாவில் இருந்து, அதை மடியில் வைத்துக்கொண்டேன். மச்சாள் அனஸ்ரேசியா என் முகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டார். அவருக்கும் தெரியும். யூலியாவுக்கும் தெரிந்திருக்கும். நான் பொட்டலம் கட்டிய கோடை முழுக்க எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"எலியாஸ் அண்ணை என்ரை துவக்காலை நல்லாச் சுட்டவராம்," என்றேன்.

அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குச் சொல்லத்தான் இருந்தனான், ரஞ்சி."

"எப்ப? நான் பிளேனிலை ஏறப் போகேக்கையோ?"

"மனுசன் ஒரு நாள் தானும் வரலாமோ எண்டு கேட்டிட்டுது. நாங்கள் பொம்பிளை வீட்டுக்காரர். இடமில்லை எண்டு சம்பந்தியின்ரை முகத்துக்கு நேரை எப்பிடிச் சொல்லுறது?"

"என்ரை முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாமே."

"நீ எங்கடை ஆள்தானே. நீ விளங்கிக்கொள்ளுவாய் எண்டு நினைச்சன். மார்க்கசுக்கும் உனக்கு நாரி நோ, குனிஞ்சு நிமிர ஏலாது, வரமாட்டாய் எண்டு சொல்லிப்போட்டன்."

"எனக்கு நாரி நோவோ?"

"அடுத்த முறை நீ போ."

"அடுத்த முறை எப்ப விழும், அண்ணா? இது விழுறதுக்கே நான் எத்தினை வருசம் மாதாவை மண்டாடினனான்?"

அவருடைய குரல் மாறியது. "தலைவர் எண்டு என்ரை பேர்தானே கிடக்கு. ஆரைக் கூட்டிக்கொண்டு போறதெண்டு நான்தான் தீர்மானிக்கலாம்."

மரியாதைக்கு நான் போட்ட பெயர். அதைத் தூக்கி எனக்கே அடித்தார். கைத்தொலைபேசியை எடுத்து எலியாசுக்கு அழைத்தேன், எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். அண்ணா பதறி எழும்பினார். அதற்குள் மறுபக்கத்தில் சந்தோஷமான குரல் கேட்டது.

"தங்கச்சி! நானே உங்களுக்கு எடுக்க வேணும் எண்டு இருந்தனான். கிளெமென்ற்தான் எடுக்காதைங்கோ, அவவுக்குக் கூச்சம் எண்டு மறிச்சவர். பிள்ளையளின்ரை சந்தோஷத்துக்காக உங்கடை இடத்தை நீங்களாகவே விட்டுத் தந்தனீங்களாம், துவக்கையும் நீங்களே குடுத்துவிட்டனீங்களாம். ஆர் இந்தக் காலத்திலை அப்பிடிச் செய்வினம்?"

"நான் தரேல்லை, அண்ணை," என்றேன். "எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

எலியாசின் குரலில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. "எனக்குத் தெரியாது, தங்கச்சி. சத்தியமாய்த் தெரியாது. நான் வரேல்லை. அது உங்கடை இடம்," என்று சொல்லிவிட்டு வைத்தார். பாவம், அந்த மனுசனில் ஒரு பிழையும் இல்லை.

அண்ணா கத்தத் தொடங்கினார். பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பிவிட்டேனாம். இனி அவர் எலியாசின் முகத்தில் எப்படி முழிப்பாராம். மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். கத்திக் களைத்து அண்ணா கதிரையில் இருந்தார்.

"சரி. நீயே வா. இப்ப சந்தோஷமோ?"

இடம் கிடைத்துவிட்டது. கோடை முழுக்கக் கனவு கண்ட ஏரிக்கு நான் போகலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் எல்க் வேட்டையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் பிரித்துக் கொடுப்பார்கள். மரங்களுக்கு அப்பால் மற்றவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியாது. அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறார் என்று நம்பித்தான் விசையில் விரல் வைக்கவேண்டும். அவரும் அப்படித்தான் என்னை நம்பிச் சுடுவார். வேறு பாதுகாப்புக் கிடையாது.

"நான் வரேல்லை, அண்ணா," என்றேன். "சொன்ன இடத்திலைதான் நீங்கள் இருப்பியள் எண்டு நான் இனி எப்பிடி நம்பிறது?"

நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு விளங்கியிருக்கும். மார்க்கஸ் முதல் நாளே எங்கள் இருவருக்கும் படிப்பித்தது அதுதான். அவர் தலை குனிவார், கையைப் பிடிப்பார், ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் விட்டிருப்பேன், அவ்வளவு மடைச்சி நான்.

அவருடைய முகம் தெளிந்தது. பெரிய சுமை ஒன்றை யாரோ இறக்கிவிட்டது போல மூச்சு விட்டார்.

"உண்மையாத்தான் வரேல்லையோ?"

"வரேல்லை."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். குனிந்து சப்பாத்துப் போட்டேன். அண்ணா பின்னாலேயே வந்து என் தோளில் கை வைத்தார். அப்பா செத்த அன்றைக்கும் இதே கைதான் அங்கே இருந்தது.

"அப்ப எலியாசுக்கு நீயே ஒருக்கா எடுத்து, நீயாகத்தான் விட்டுக்குடுக்கிறாய் எண்டு சொல்லிவிடு, என்ன? உன்ரை வாயாலை சொன்னாத்தான் மனுசன் நம்பும்," என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "துவக்கை இஞ்சையே வைச்சிட்டுப் போ, ரஞ்சி. அவர் இதாலைதானே பரீட்சையிலை சுட்டுக் காட்டினவர். திரும்பவும் தூக்கிக்கொண்டு வாறது உனக்குத்தான் அலைச்சல்."

மிக அன்பாகச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நம்பி வாழ்ந்தது அந்தக் குரலைத்தான்.