வெள்ளியின் சத்தம்

வில்ஃப் கையைத் தூக்கி நிற்கச் சொன்னபோது நோரீன் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அறுவடை முடிந்த கோதுமைத் தாள் பூட்ஸுக்கு அடியில் நொறுங்கியது. அவன் கண்களை மூடிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரின் வட்டத் தட்டை ஒரே இடத்தில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருந்தான்.

"கெடச்சிருச்சு புள்ள. ரொம்ப அடியில கெடக்கு. மெல்லிசா, மணி மாதிரி. வெள்ளியேதான்."

காலையிலிருந்து இது மூன்றாவது வெள்ளி. முதல் இரண்டு குழியிலும் இரண்டடி ஆழத்துக்குக் களிமண்ணைத் தவிர எதுவும் இல்லை.

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் அந்தச் சரிவுகளில் பழங்காசு தேடி மெஷினோடு அலைகிறவர்களுக்கு ஒரு காலத்தில் வில்ஃப் என்றால் காதுதான். மற்றவர்கள் திரையில் எண்ணைப் பார்த்துத் தோண்டுவார்கள். திரையே இல்லாத பழைய மெஷினை அவன் மாற்றவே இல்லை. இரும்பு என்றால் அது உறுமும். வெள்ளி என்றால் கீச்சென்று பாடும். காசு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பாட்டு மெலிந்து, யாரோ பக்கத்து அறையில் மூச்சுவிடுவதுபோல் ஆகிவிடும். அதைப் பிடிக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் நாற்பது வருஷம் தானியம் உலர்த்தும் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவன். இரண்டு வருஷமாகப் பழைய ஆணிகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. போன மாதம் காசு தேடுகிறவர்களின் கிளப்பில் கோலின் எல்லார் முன்னாலும், "நீ தட்டு வீசிட்டுப் போன தடத்துலயே ரெண்டு காசு எடுத்தேன்யா. தூங்கிக்கிட்டே நடக்குறியா?" என்று கேட்டான். வில்ஃபும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

காதைப் பரிசோதிக்க நோரீன் இரண்டு முறை டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு முறையும் அவன் காய்கறித் தோட்டத்தில் போய் நின்றுகொண்டான். அதற்கு மேல் அவளால் வற்புறுத்த முடியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கணவனை விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு அவள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. "மேல் ரூம்ல ஜன்னல் சரியா மூடாது, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான்.

"அண்ணே, குடு. நான் தட்டை வீசுறேன், நீ நிதானமாக் கேளு" என்றாள்.

ஹெட்போன் அவன் தலையில் இருந்தது. கண்களை மூடிக்கொண்டான். அவள் தட்டைத் தரையில் வீசினாள். பிறகு, ஏன் செய்கிறோம் என்று முழுவதும் யோசிக்காமலே, அதை மெதுவாக முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். அப்புறம் இடுப்பு உயரத்துக்கு. தட்டு வெறும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ம்... இருக்கு" என்றான் அவன், புன்னகையோடு. "இப்பத்தான் இன்னும் தெளிவா இருக்கு."

திருடிய பொருளைத் திரும்ப வைப்பதுபோல அவள் தட்டைத் தரையில் இறக்கினாள். சத்தம் மண்ணுக்குள் இல்லை, அவன் தலைக்குள் இருந்தது. அதை எந்த வார்த்தையில் சொல்வது?

அவன் மண்வெட்டியைக் காலால் மிதித்து இறக்கத் தொடங்கினான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், "டீ எடுத்துட்டு வரேன்" என்று மெஷினோடு ஹெட்போனையும் வாங்கிக்கொண்டு வேலியோரம் நடந்தாள். களிமண் வெட்டுப்படும் ஓசை கேட்காமல் இருக்கட்டும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கை பழக்கத்தில் தட்டை வீசிக்கொண்டே போனது. காலையில் அவன் நடந்த பூட்ஸ் தடத்தின் மேலேயே அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய, உயர்ந்த, சந்தேகமே இல்லாத ஒரு குரல். அவள் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

நின்றதுதான் தப்பு. அவன் பார்த்துவிட்டான்.

"என்ன புள்ள, நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவன் வந்து ஹெட்போனை வாங்கி மாட்டி, நாலு முறை வீசிப் பார்த்தான். "இங்க ஒரு மண்ணும் இல்ல. காலையில நான் இப்படித்தானே வந்தேன்? உன் காதுல அழுக்கு அடைச்சிருக்கு, வீட்டுக்குப் போய்க் கழுவு." அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தோண்டியே காட்டுறேன், இரு."

"விடுண்ணே. டீ ஆறிடும்."

"திங்கக்கிழமை ரோலண்ட் விதை போட்டுட்டா அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் அவன் வயல்ல கால் வைக்க விடமாட்டான். அப்புறம் 'அன்னிக்கே தோண்டியிருக்கலாம்'னு என் உயிரை எடுப்ப."

மண்வெட்டி இறங்கியது. ஆணியாக இருக்கட்டும், பாட்டில் மூடியாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஓர் அடி. ஒன்றும் இல்லை.

"பாத்தியா?"

"ஆமாண்ணே, எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு. மூடிடலாம்."

"பாதியில விடுறது என் வழக்கமா?"

இன்னும் ஒரு சாண் இறங்கியபோது களிமண் பாளமாகச் சரிந்தது. உடைந்த மண்பானையின் விளிம்பு தெரிந்தது. அதற்குள், மீன் செதில்களை அடுக்கியதுபோல், கறுத்த வெள்ளிக் காசுகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மேலே இருந்த காசில் சிலுவை தெளிவாகத் தெரிந்தது.

வில்ஃப் மண்டியிட்டான். "அடிப்பாவி!" என்று கத்தினான். எழுந்து, சேற்றுக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்கினான். "நீ எடுத்தது! உன் பேருதான் போடணும். அந்தக் கோலின் மூஞ்சியப் பாக்கணும்! தொடாத, எதையும் தொடாத. தொல்லியல் துறை அம்மாவுக்குப் போன் போடு."

அவள் திரும்பி நின்று போன் செய்தாள். எதையும் அசைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றது மறுமுனை. வயல், எல்லை, வழி எல்லாம் சொல்லி முடித்துத் திரும்பினாள்.

அவன் குழிக்குப் பக்கத்தில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தான். திறந்து கிடந்த காசுகளுக்கு மேலே தட்டை மெதுவாக வீசினான். நிறுத்தினான். மெஷினைத் திறந்து பாட்டரிகளைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டான். வீசினான். சத்தத்தைக் கூட்டும் திருகைக் கொஞ்சம் திருப்பினான், இன்னும் கொஞ்சம், அது நிற்கும் வரைக்கும்.

மூன்றடி தள்ளி நின்ற நோரீனுக்கு அது கேட்டது. அவன் காதுகளை மூடியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்து, வயல்வெளியெங்கும் வெள்ளி வீறிட்டது. வில்ஃப் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, அது பாடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.