கொசு

...இடுப்புக்குக் கீழே இடதுபக்கம் யாரோ ஆணியை வைத்துத் திருகுகிற மாதிரி, இல்லை, ஆணி என்றால் ஒரே இடத்தில் நிற்குமே, இது தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்கால் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறது, தலை பிரேக் மிதிக்குப் பக்கத்தில், கால் இரண்டும் சீட்டின் முதுகில், வயிறு தொண்டைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது, இருபத்திரண்டு வருஷமாக இப்படித் தலைகீழாகத் தொங்குகிறேன், வௌவாலுக்காவது இறக்கை உண்டு... மூக்குக்கு நேரே மிதியின் ரப்பரில் காய்ந்த சேறு, சேறா, நாய்ப்பீயா, எதுவாக இருந்தால் என்ன, இரண்டு மணி நேரமாக அதைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே எப்படித் துடைத்து வைத்திருக்கிறார்கள், பானட்டைப் பார்த்துத் தலை வாரலாம், உள்ளே? பக்கத்துச் சீட்டைக் கழற்றித் தூக்கியதும் கிடந்ததே, பாதி கடித்த ஆப்பிள் ஒன்று, கறுத்துச் சுருங்கி அறுத்துப்போட்ட காது மாதிரி, ஒற்றைச் சாக்ஸ், வெட்டிப்போட்ட நகங்கள், நகத்தையா வண்டிக்குள் உட்கார்ந்து வெட்டுவான் ஒருத்தன், முடிச்சுருள், எப்போதோ கொட்டிய பால் கம்பளத்தில் ஊறிப் புளித்து ஒரு வாடை, அதைத் தொட்ட கையைத்தான் மத்தியானம் சோற்றில் வைத்தேன், மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தப் பாலுக்கு மேல்தான் ஆம்ப்ளிஃபயர் உட்காரப்போகிறது. நாற்றத்துக்கு மேலே சத்தம், நல்ல ஜோடி.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு வீட்டுத் தரகர். காலையில் வந்து நின்றதும் சொன்னார், "கம்பெனி கொடுத்த செட்டு அப்படியே இருக்கட்டும் மாஸ்டர், அழகு கெடக்கூடாது, ஆனா அடிச்சா நெஞ்சுல வந்து இடிக்கணும்." கூட வந்த மனைவி, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர், தலையைக்கூடத் தூக்காமல், "நெஞ்சுல இடிக்கணும்னா ரெண்டு மாடி படி ஏறிப் பாருங்க, காசு செலவில்லாம இடிக்கும்," என்றார். சிரித்திருக்க வேண்டும், எனக்குச் சிரிப்பு வரவில்லை, இடிக்க வேண்டும், குத்த வேண்டும், கண்ணாடி அதிர வேண்டும், எல்லாருக்கும் இதே பேச்சு, பாட்டுக் கேட்கவா வருகிறார்கள், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான்... சரி, நமக்கென்ன. கம்பெனி செட்டில் ஆம்ப்ளிஃபயருக்கு என்று தனி வாய் கிடையாது, பின் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைத் தோலுரித்து அதிலிருந்து பாட்டைத் திருட வேண்டும், திருடியதைத் தீப்பெட்டி அளவு கன்வெர்டருக்குள் விட்டு, அங்கிருந்து பாட்டு ஒயர் சீட்டுக்கடியில் இருக்கிற ஆம்புக்கு, பேட்டரியிலிருந்து விரல் மொத்தத்தில் கரண்ட் ஒயர் அதே ஆம்புக்கு, முன்கதவு இரண்டிலும் புது ஸ்பீக்கர், டிக்கியில் ஒரு பெட்டி. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டாயிற்று, எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட்டைச் சுரண்டித் தகரம் பளபளக்கிறது, இதிலெல்லாம் என் கையைக் குறை சொல்ல எவனுக்கும் வாய் வராது.

கரண்ட் ஒயர் வலது கதவோரமாக வருகிறது. பாட்டு ஒயரை இடதுபக்கம் கொண்டுபோக வேண்டும், அதுதான் முறை, ஆனால் அதற்கு அந்தப் பக்கத்துப் படியோரப் பிளாஸ்டிக் பட்டை முழுவதையும் நெம்பி எடுக்க வேண்டும், இன்னொரு முறை இப்படிக் குனிந்து, இன்னொரு முறை அந்தப் பாலில் முழங்கையை வைத்து... இடுப்பு ஒரு திருகு திருகியது, இரண்டையும் சேர்த்து வலதுபக்கமே இழுத்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன். போன மாதமும் இப்படித்தான். அதற்கு முந்தியும். என்ன குடி முழுகிவிட்டது? "கரண்ட் ஒயரும் பாட்டு ஒயரும் பக்கத்துல பக்கத்துல படுக்கக்கூடாது மச்சான், படுத்தா கொசு பொறக்கும்," மாப்பிள்ளையின் பேச்சு அது, என் தங்கையின் புருஷன், ஆறு வருஷம் இதே கொட்டகையில் என்கூட வேலை பார்த்தவன். எஞ்சினை வேகப்படுத்தினால் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் ஏறும், விட்டால் இறங்கும், அதற்கு அவன் வைத்த பெயர் கொசு. வேலை முடிந்ததும் எல்லாரும் பாட்டைப் போட்டுப் பார்ப்பார்கள், அவன் பாட்டை நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலால் மெதுவாக அழுத்தி, "கொசு இருக்கா, கொசு இருக்கா" என்று முனகுவான், பூசாரி மாதிரி. நான் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கொசுவும் கத்தியதில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லித் தன்னைப் பெரிய கைக்காரனாகக் காட்டிக்கொள்கிறான் என்றுதான்...

போன மாதம் அந்தப் பல் டாக்டரின் வெள்ளை வண்டி. ஒயர் இழுத்தது நான், முழுக்க நான், மாப்பிள்ளை அன்றைக்குக் கதவு ஸ்பீக்கரை மட்டும்தான் முடுக்கினான். வண்டியைக் கொடுக்கிற நேரத்தில் உள்ளே ஏறி உட்கார்ந்தான், காலால் அழுத்தினான், முகத்தை ஒரு சுளி சுளித்தான், புளித்ததை வாயில் போட்டவன் மாதிரி, டாக்டரை வைத்துக்கொண்டே, "கொசு இருக்கு மச்சான்" என்றான். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. வேலை தெரிந்தவன் முன்னால் சொன்னால் பரவாயில்லை, காசு கொடுக்கிறவன் முன்னாலா? "காதக் கழுவிட்டு வாடா" என்றேன். டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார், நாலே நாளில் திரும்பி வந்தார், இரைகிறது என்றார், நான் கேட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை, இவன் போட்டுவிட்ட வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார் என்று நினைத்தேன், மூன்றாம் முறை வந்தபோது கொடுத்த காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து கேட்டது ஒரே கேள்வி, "யாரு ஒயர் இழுத்தது?" நான் சொன்னது ஒரே வார்த்தை. "மாப்பிள்ளை." நோயைக் கிளப்பிவிட்டவனே சுமக்கட்டும் என்று, அவ்வளவுதான், அந்த நிமிஷத்துக்கு அது பொய்யாகக்கூடத் தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான், துணியில் கையைத் துடைத்தான், விரல் விரலாக, திருப்புளியைப் பெட்டியில் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனான். இப்போது ஏதோ கிடங்கில் பெட்டி சுமக்கிறானாம், அந்த மெலிந்த தோளை வைத்துக்கொண்டு. தங்கை சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன், பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன், அவள் போனில், "நீ சொன்னா சரியாத்தான்ணா இருக்கும்" என்றாள். திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம்.

சீட்டை முடுக்கி, கையைத் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, "வாங்க சார்" என்றேன். தரகர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முன்னால் ஏறிக்கொண்டார், மனைவி பின்னால். பாட்டு. டம்மென்று ஒரு இடி, என் வயிற்றில் இறங்கியது, கண்ணாடி நடுங்கியது, எங்கோ ஒரு தகரம் கடகடத்தது, தரகரின் கன்னச்சதை தாளம் போட்டது, பார்க்கவே குமட்டலாக இருந்தது. "இதுதான் மாஸ்டர், இதுதான்!" என்று கத்தினார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து பாட்டை நிறுத்தியது. "ஏதோ இரையுது," என்றார் அந்த அம்மா. "ஏசிடி அது," என்றார் தரகர். "ஏசியைத்தான் அணைச்சாச்சே. இது வேற." நான் எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தேன், கதவு ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தேன், ஒன்றுமில்லை, சுத்தமாக ஒன்றுமில்லை, "புது ஸ்பீக்கர் அப்படித்தாம்மா இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவர், "கொசு மாதிரிங்க. காதுக்குள்ள கொசு நொழைஞ்சா எப்படி இருக்கும், அப்படி," என்றார்.

யார் சொல்லிக்கொடுத்தது? மாப்பிள்ளையை இந்த அம்மா பார்த்ததுகூடக் கிடையாது... குனிந்து கையாலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினேன், கண் மட்டும் அந்த அம்மாவின் முகத்தில். அழுத்தினால் புருவம் சுருங்குகிறது, மூக்கின் பக்கத்தில் இரண்டு கோடு விழுகிறது. விட்டால் முகம் இறங்கிச் சமமாகிறது. மறுபடி அழுத்தினேன். சுளித்தது. விட்டேன். இறங்கியது. மீட்டர் முள் மாதிரி. "ஆமா, இப்ப எனக்கும் கேக்குது," என்றார் தரகர், "ஙொய்னு." எனக்குக் கேட்டதெல்லாம் என் காதுக்குள் எப்போதும் ஓடுகிற அந்த ஒன்றுதான், குழாயைச் சரியாக மூடாத மாதிரி ஒரு சீறல், அது எப்போதிருந்து ஓடுகிறது, வருஷக்கணக்காக, எல்லார் காதிலும் அப்படித்தான் என்று... வீட்டில் பெண்டாட்டி, "மூணு தடவ கூப்பிட்டேன், மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க" என்கிறாளே, காலையில் போனில் அலாரம் அடிக்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய அவள் காலால் உதைத்து எழுப்புகிறாளே, அவள்தான் முணுமுணுக்கிறாள், போன்தான் மட்டம்... இருபத்திரண்டு வருஷம் ஸ்பீக்கரில் தலையை வைத்து எத்தனை இடியைச் சோதித்திருப்பேன், அடுத்தவன் நெஞ்சில் இடிக்க வேண்டியதெல்லாம் முதலில் இந்தக் காதில் இடித்துவிட்டுத்தானே போனது.

அப்படியென்றால் அன்றைக்கு வெள்ளை வண்டியில் அவன் முகத்தைச் சுளித்தது. என்னைப் பார்த்து இல்லை. நான் திமிர் என்று நினைத்தேன், என் வேலையைப் பார்த்து அருவருத்தான் என்று நினைத்தேன், ஒரு மாதமாக ராத்திரி பகலாக அந்தச் சுளிப்பை நினைத்து நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன், அவன் வெறுமனே ஒரு சத்தத்தைக் கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். இந்த அம்மா மாதிரி.

"யாருங்க இந்த ஒயரெல்லாம் இழுத்தது?" என்று கேட்டார் அவர், கோபமில்லாமல், சும்மா தெரிந்துகொள்கிற மாதிரி. கண்ணாடி அறைக்குள் முதலாளி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "நான்தாங்க," என்றேன். எத்தனை சுலபமாக வந்துவிட்டது, முன்பின் தெரியாத ஒருத்தியிடம், அவளுக்கு அதனால் ஆகப்போவது எதுவுமில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், இறங்கி உட்காருங்கம்மா, ஒயரை அந்தப் பக்கம் மாத்தணும்." தரகர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார், என்ன முணுமுணுத்தார் என்று எனக்குத் தெரியாது. இடதுபக்கப் பட்டையை நெம்பினேன், முழங்கை அந்த ஈரத்தில் பதிந்தது, புளித்த வாடை குப்பென்று எழுந்து மூக்கில் அடித்தது, மூக்கு மட்டும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இழுத்துக் கட்டி முடித்த பிறகும் கொசு போயிற்றா இல்லையா என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முகம் இங்கே ஆறு வருஷம் இருந்தது. சட்டைப்பையில் போன் இருக்கிறது, கிடங்கில் இப்போது அவனுக்கு டீ நேரமாக இருக்கும். போன மாதம் மாப்பிள்ளை நிற்கும்போதே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்த 'நான்தான்', அது இன்னும் பாக்கி.