லெக் அக்காவின் கையெழுத்து

இருபத்தாறு நாளாக அந்தப் படிவம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நானே பேனாவால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். லெக் அக்கா ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது அந்தக் கதவைத் திறந்து மூடுவார். குறி அவர் மூக்குக்கு நேரே இருக்கும். கொத்தமல்லி எடுப்பார், மூடுவார், திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஓகே கா, ஆதின்."

என் பெயர் ஆதில். தாய்லாந்துக்காரர்களின் வாயில் அது ஆதின் என்றுதான் வருகிறது. அந்தக் 'கா' மரியாதைக்குப் பெண்கள் போடும் வால். ஓகேவுக்கும் போடுவார், வணக்கத்துக்கும் போடுவார். எதற்குப் போட்டாலும் எனக்குக் காரியம் நடக்கவில்லை.

நான் நியூ ஜெர்சியில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டெக்சாஸ் வந்தவன். இர்விங்கில் ஒரு கிடங்கில் இரவு வேலை. ஐந்து மாதமாக வெயிலைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்துதான் பார்க்கிறேன். பிளானோவில் பகல் வேலை ஒன்று கிடைத்திருந்தது. கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளை வேனில் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை. ஒன்றாம் தேதிக்குள் டெக்சாஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது நியூ ஜெர்சி லைசென்ஸ். மாற்றித் தருவார்கள், ஆனால் இங்கே குடியிருக்கிறேன் என்பதற்குக் காகிதம் கேட்பார்கள். என் பெயரில் வாடகை ஒப்பந்தம் இல்லை, கரண்ட் பில் இல்லை. லெக் அக்காவின் அபார்ட்மென்டில் ஒரு அறை, அவ்வளவுதான் நான்.

அதற்கும் ஒரு வழி இருந்தது. கூடக் குடியிருப்பவர் தன் பெயரில் உள்ள காகிதங்களோடு அலுவலகத்துக்கு வந்து, இவன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்று கையெழுத்துப் போட வேண்டும். பத்து நிமிட வேலை.

முதல் தடவை கேட்டபோதே லெக் அக்கா ஓகே என்றார். மறுநாள் காலை நான் வேலையிலிருந்து வந்தபோது முழு மீன் ஒன்று பொரித்து வைத்திருந்தார். எனக்கென்று தனியாக ஒரு வாணலி வாங்கியிருக்கிறார். அதில் பன்றி படாது. நான் கேட்டு வாங்கியதில்லை. நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். படிவத்தை ஞாபகப்படுத்தினேன்.

"ஓகே கா. என்னைக்குப் போகணும்?"

"புதன்கிழமை."

அவர் முகம் சுருங்கியது. "நீ எந்தக் கிழமை பிறந்தே?"

எனக்கு எப்படித் தெரியும்? சென்னைக்குப் போன் போட்டு உம்மாவைக் கேட்டேன். "செவ்வாயோ புதனோ. ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி வந்திடுச்சு, அதான் ஞாபகம் இருக்கு. எதுக்கு கேக்குறே, பொண்ணு பாத்திட்டியா?" என்றார்.

இதைச் சொன்னதும் லெக் அக்கா, "புதன் நல்லதில்லை," என்றார்.

நம்பினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த புதன்கிழமை அப்பாயின்ட்மென்டை ரத்து செய்துவிட்டு வேறு நாள் தேடினேன். ஒன்றாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மாதக் கடைசி வெள்ளி, காலை பதினொன்று இருபது.

இன்னொரு அறையில் இருப்பவன் பெயர் பியர். பெற்றவர்கள் வைத்த செல்லப் பெயர். தாய்லாந்தில் இது சகஜமாம். நான் தொட்டுக்கூடப் பார்க்காத சாமானின் பெயரைத் தினமும் பத்துத் தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அமெரிக்கா வந்தவன், டயர் கடையில் வேலை. புதன்கிழமை விஷயத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"புதன்கிழமை முடிதான் வெட்டக் கூடாது. லைசென்ஸ் வாங்கலாம்."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நீ கேட்டே. ஏதாவது சொல்லணுமே."

இந்த மனிதர்கள் எனக்கு விளங்கவில்லை. ஒளிவுமறைவானவர்கள் என்றும் சொல்ல முடியாது. காலையில் கதவைத் திறந்ததும் லெக் அக்கா சொல்லும் முதல் வார்த்தை "ஆதின், குண்டாயிட்டே" என்பதுதான். என் தொப்பை, என் முகப்பரு, எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எல்லாவற்றையும் நேருக்கு நேர் பேசுவார்கள். கூச்சமே கிடையாது. முடியுமா, முடியாதா என்று கேட்டால் மட்டும் வாய் திறக்காது. சிரிப்புதான் வரும். வருத்தத்துக்கு ஒரு சிரிப்பு, கோபத்துக்கு ஒரு சிரிப்பு, கேள்வி புரியாததற்கு ஒரு சிரிப்பு. எனக்கு எல்லாம் ஒரே சிரிப்பாகத்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் தஹ்ஸீன் கூப்பிட்டான். பிளானோ வேலையை சூப்பர்வைசரிடம் பேசி வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"மச்சான், நாளைக்கு அந்தம்மா வருவாங்களா, மாட்டாங்களா?"

"ஓகேன்னு சொல்லிட்டாங்க."

"எத்தனை தடவ?"

"ஏழு."

"ஒரு தடவ சொன்னா வருவாங்க. ஏழு தடவ சொல்றாங்கன்னா எங்கயோ உதைக்குதே. பேசாம உங்க மாமாவைக் கேளு."

"அவர்கிட்ட போய் நிக்க மாட்டேன்."

"நிக்காத. உக்காந்து கேளு. திங்கக்கிழமை லைசென்ஸ் இல்லாம வந்தீன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. என்னையும் சேத்து அசிங்கப்படுத்தாதே."

மாமா ஜைனுதீன் பிளானோவுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் இருக்கிறார். டெக்சாஸ் வந்ததும் அவர் வீட்டில்தான் இறங்கினேன். ஆறு வாரம் பொறுத்தார். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, "படிக்கிறதா இருந்தா இரு. இல்லன்னா கிளம்பு," என்றார். கிளம்பிவிட்டேன். அவர் வார்த்தைக்கு விளக்கம் கேட்க எந்த பியரும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தேன். லெக் அக்கா வீட்டில் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஏழு பாத்திரம், எல்லாம் மூடி வைத்து, பக்கத்தில் எனக்கொரு தட்டு. போன் போட்டேன்.

"வந்துட்டே இருக்கேன் கா. ஃபைவ் மினிட்."

ஒன்பதே காலுக்கும் ஃபைவ் மினிட். பத்துக்கும் ஃபைவ் மினிட். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பின்னால் கத்தி பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. அவர் எங்கும் வந்துகொண்டிருக்கவில்லை. வேலை பார்க்கும் உணவகத்தின் சமையலறையில் நின்று காய் வெட்டிக்கொண்டிருந்தார். பியருக்கு அன்று விடுமுறை. அவனை எழுப்பிக் காரை எடுக்கச் சொன்னேன்.

பின்வாசல் வழியாக நேரே உள்ளே போனேன். முதலாளியம்மாள், இரண்டு சமையல்காரர்கள், பப்பாளிக்காயைச் சீவிக்கொண்டு லெக் அக்கா.

"அக்கா, வர்றீங்களா இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னும் சத்தம் போட்டேன். என் வேலை போகப் போகிறது, ஒரு மாதமாக ஓகே ஓகே என்கிறீர்கள், நான் என்ன கோமாளியா என்று கத்தினேன். சத்தம் கூடக் கூட அவர்கள் சிரிப்பும் கூடியது. முதலாளியம்மாள் தரையைப் பார்த்துச் சிரித்தார். லெக் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

"ஓகே கா. போகலாம்."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பியர் என் தோளைப் பிடித்து இழுத்தான். "என்ன பண்ணியிருக்கே தெரியுமா? முதலாளி முன்னாடி கத்திட்டே. இனிமே அவங்களால வரலைன்னு சொல்லவே முடியாது."

"சொல்ல வேணாம். வந்தா போதும்."

பதினொன்று இருபதுக்குச் சரியாகக் கவுன்டரில் நின்றோம். அங்கிருந்த பெண்மணி என் நியூ ஜெர்சி லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், சரி என்றார். பிறகு லெக் அக்காவிடம் அந்த முகவரிக்கு உண்டான காகிதங்களைக் கேட்டார். அக்கா பையைத் திறந்து ஒரு கரண்ட் பில்லை நீட்டினார். அதில் கால் முழ நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அக்காவின் கிரீன் கார்டில் இருந்த பெயரும் அதே நீளம்தான், ஆனால் வேறு பெயர்.

"இது யார்?"

"கசின்."

"அவர் எங்கே?"

"தாய்லாந்து. நாலு வருஷம்."

"வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது?"

லெக் அக்கா சிரித்தார். கை மட்டும் பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு அவர் பெயரிலேயே இல்லை. அபார்ட்மென்ட் ஆபீசுக்குத் தெரிந்தால் அவரும் பியரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதை ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு வந்து, கவுன்டரில் வைத்துக் காட்டியிருக்கிறேன்.

கவுன்டர் பெண்மணி மேற்கொண்டு எதையும் தோண்டவில்லை. காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். "கூடக் குடியிருக்கும் சரியான ஆள் வேண்டும். நாலு மணிக்குள் வந்தால் இன்றைக்கே பார்க்கிறேன். இல்லையென்றால் புது அப்பாயின்ட்மென்ட், ஆறு வாரம் ஆகும்," என்றார்.

வெளியே வந்தோம். எனக்குத் தூக்கமில்லாமல் கண் எரிந்தது.

"அக்கா, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் கா. மீன் செஞ்சேன். புதன் வேணாம்னேன்."

"மீன் எப்படிக்கா முடியாதுன்னு ஆகும்?"

"நீ மீனைச் சாப்பிட்டே. மறுபடியும் கேட்டே," என்றார். குரலில் குற்றம் முழுக்க என்னுடையது.

வேறு வழியில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஜும்ஆ தொழுகை முடிச்சிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னைக்கு ராத்திரிலேருந்து நீ என் வீட்டுல இருக்கணும். சம்மதமா?"

"பாக்கலாம் மாமா."

"பாக்கலாம்னா என்னடா அர்த்தம்? உண்டா இல்லையா?"

"வாங்க மாமா," என்றேன். அது எதற்கான பதில் என்று எனக்கே தெரியவில்லை.

லெக் அக்காவை வேலைக்குப் போகச் சொன்னேன். ஓகே என்றார். போகவில்லை. மறுபடி சொன்னேன். ஓகே என்றார். மூன்று மணி நேரம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்காகவா, என் மேல் இருந்த கோபத்திலா, கத்தலுக்குப் பிறகு முதலாளியம்மாளின் முகத்தில் விழிக்க முடியாமலா? கேட்டுப் பயனில்லை என்பதால் கேட்கவில்லை. பியர் போனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

மூன்று பத்துக்கு மாமா வந்தார். தலையில் தொப்பி, கையில் ஃபைல். சலாம் சொன்னேன்.

"ஜும்ஆவுக்குப் போனியா?"

"இல்ல மாமா."

"தெரியும்." லெக் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "இந்தம்மா யாரு?"

"அவங்க வீட்டுலதான் ரூம் எடுத்திருக்கேன்."

"இங்க எதுக்கு உக்காந்திருக்காங்க?"

"தெரியல மாமா. சத்தியமா தெரியல."

கவுன்டரில் மாமாவின் காகிதங்கள் பளிச்சென்று இருந்தன. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அந்தப் பெண்மணி படிவத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கி, நிறுத்தி, பின்னால் நாற்காலியில் இருந்த லெக் அக்காவைப் பார்த்தார். "காலையில் இவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

மாமா என் பக்கம் திரும்பினார். பேனா அவர் கையில் இருந்தது, மூடி கழற்றவில்லை. "சொல்லுடா. எங்க இருக்கே?"

ஆலன் என்று சொன்னால் அந்த மேசைக்கு, அந்த முகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இர்விங் என்று சொன்னால் லைசென்ஸ் இல்லை, திங்கட்கிழமை வேலை இல்லை, மறுபடி கிடங்கு. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நோ," என்றார் லெக் அக்கா.

எழுந்து வந்து கவுன்டர் பக்கத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "இவன் என் வீட்டுல இல்லை. இன்னைக்குக் காலி பண்ணிட்டான். இப்ப அங்கிள் வீடு."

ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'நோ' அது. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மாமா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார்.

ஆலன் முகவரி போட்ட தற்காலிக லைசென்ஸ் தாளை வாங்கிப் படம் எடுத்துத் தஹ்ஸீனுக்கு அனுப்பினேன். "திங்கக்கிழமை ஏழு மணி. லேட்டா வந்தே, செருப்பால அடிப்பேன்," என்று உடனே பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் நினைத்தேன். ஆனால் பார்க்கிங்கில் லெக் அக்கா மறுபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உள்ள சொன்னது பேப்பருக்காகவா, நிஜமாவே நான் காலி பண்ணணுமா?"

"உன் இஷ்டம் கா."

"என் இஷ்டம் இல்லைக்கா, உங்க வீடு. நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"போகணும்னா போ. இருக்கணும்னா இரு." என் கன்னத்தைப் பார்த்தார். "இன்னைக்கு மூஞ்சி வீங்கியிருக்கு. தூங்கு."

காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அது எந்தப் பரவாயில்லை என்று தெரிந்துகொள்ள பியரைப் பார்த்தேன். அவன் காரின் முன்சக்கரத்தை உதைத்துக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். டயர் கடைக்காரன். அதில் பத்து வினாடிக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு நிமிடம் பார்த்தான்.

மாமா ஹார்னை அழுத்தினார். அழுத்தின கையை எடுக்கவில்லை. போய் ஏறிக்கொண்டேன்.

"பெல்ட்டைப் போடு," என்றார் மாமா. "சாமானை எப்ப எடுக்கணும்?"

"அதை அவங்க சொல்லலை மாமா."

"அவங்க என்ன சொல்றது? இப்பவே போய் எடுக்கிறோம்," என்று வண்டியை இர்விங் பக்கம் திருப்பினார்.